மகள் வீட்டில் அம்மா எத்தனை நாள் இருக்கலாம்?

24 மார்ச் 2024, ஒரு வாசகியின் கேள்வி

அம்மாவுக்கு எழுபது வயது. அப்பா போய் மூன்று வருடம் ஆகிறது. ஊரில் தனியாக இருக்கிறார். என்னோடு வந்து இருங்கள் என்றால் "மக வீட்டுல உக்காந்து திங்க மாட்டேன்" என்கிறார். வந்தாலும் மூன்றாம் நாள் பையைத் தூக்கிவிடுகிறார். இது வெறும் வீம்பு என்றுதான் நினைக்கிறேன். பிடிவாதமாகக் கூட்டிவந்து வைத்துக்கொண்டால் போகப் போகப் பழகிவிடும் அல்லவா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

24 மார்ச் 2024, இரவு 10.40

வேண்டாம். நான் போன மாதம் அதைத்தான் செய்தேன்.

என் அம்மா சோழவந்தானில் இருக்கிறார். எழுபத்தொன்று ஆகிறது. நான் மதுரையில், பழங்காநத்தத்தில். பிப்ரவரியில் ஒருநாள் விடியற்காலை குழாயடியில் வழுக்கி விழுந்து இடது மணிக்கட்டு முறிந்துவிட்டது. எனக்குச் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு அக்கா போன் செய்துதான் தெரியும், அதுவும் சாயங்காலம். நான் போய் நின்றபோது ஒற்றைக் கையால் அடுப்பு வேலை பார்த்துக்கொண்டிருந்தார். மாவுக்கட்டு போட்டு அன்று இரவே ஆட்டோ பிடித்து என் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். "இனிமேல் இங்கேதான்" என்றேன். அவர் வாயைத் திறக்கவில்லை. சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஒன்பதாம் நாள், நான் வேலைக்குப் போயிருந்த நேரத்தில், கட்டுப்போட்ட கையோடு பஸ் ஏறிப் போய்விட்டார். சாவி எதிர் வீட்டில் இருந்தது. பாய் சுருட்டி மூலையில் நின்றது. ஒரு கிண்ணம் நிறையச் சின்ன வெங்காயம் உரித்து வைத்திருந்தார். ஒற்றைக் கையால் எப்படி உரித்தார் என்று இன்னும் தெரியவில்லை. இரவு உலை வைக்க அரிசி டப்பாவைத் திறந்தேன். அரிசிக்கு மேல் ஐந்நூறு ரூபாய் நோட்டு ஒன்று.

பெற்ற மகள் போட்ட சோற்றுக்குக் காசு வைத்துவிட்டுப் போயிருக்கிறாரே என்று அப்படி ஒரு கோபம். எட்டு நாள் போன் பேசவில்லை.

25 மார்ச் 2024, காலை 6.15

ஒரு திருத்தம். ஒன்பது நாள் இல்லை, பதினொன்று. என் வீட்டுக்காரர் இதைப் படித்துவிட்டுக் காலண்டரைக் காட்டினார்.

அந்தப் பதினொரு நாளும் அம்மா எப்படி இருந்தார் என்று ராத்திரி முழுக்க யோசித்தேன். ஒருநாள்கூடக் குளிர்சாதனப் பெட்டியை அவராகத் திறக்கவில்லை. காபி வேண்டும் என்று கேட்கவில்லை, நான் போட்டால் குடித்தார். எல்லோரும் சாப்பிட்ட பிறகுதான் தட்டை எடுத்தார். கட்டிலில் படுக்கச் சொன்னால் "மாப்பிள்ளை வந்துட்டா சங்கடம்" என்று சமையலறை வாசலில் பாய் விரித்தார். மாப்பிள்ளை வருவது ராத்திரி எட்டு மணிக்கு. இவர் மதியம் இரண்டு மணியிலிருந்தே எழுந்து உட்கார்ந்திருப்பார்.

இன்னொன்று. ஒருநாள் வேலை முடிந்து வந்து பார்த்தால் கறிவேப்பிலைக் கொத்தை உருவி, இலை இலையாக அடுக்கிக்கொண்டிருந்தார். என்னம்மா இது என்றேன். "சும்மா எண்ணிக்கிட்டு இருந்தேன் தாயி" என்றார். அம்மா நாற்பது வருடத்துக்கு மேல் வெற்றிலைக் கொடிக்காலில் வேலை பார்த்தவர். அகத்தி மரத்தில் படர்ந்த கொடியில் இலை கிள்ளுவது, அப்புறம் உட்கார்ந்து எண்ணிக் கட்டுவது. நூறு இலை ஒரு கவுளி. இப்போது கிள்ளப் போவதில்லை, எண்ணிக் கட்ட மட்டும் காலையில் நாலைந்து பெண்களோடு உட்காருவார். விரல் தானாக ஓடும், வாய் ஊர்க்கதை பேசும், கணக்கு தப்பாது. என் வீட்டில் அந்த விரலுக்கு வேலையே இல்லை. கறிவேப்பிலையைக்கூட நூறு நூறாகத்தான் வைத்திருந்தார்.

27 மார்ச் 2024, மதியம் 1.30

மகள் வீட்டில் கை நனைக்கக் கூடாது என்பது பழைய வழக்கம்தானே என்று ஒருவர் கேட்டிருந்தார். ஆமாம். எங்கள் பக்கம் சில வீடுகளில் பேரப்பிள்ளை பிறக்கும்வரை பெண்ணைக் கொடுத்த வீட்டில் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டார்கள். என் அம்மாச்சி எங்கள் வீட்டுக்கு வரும்போது முந்தானையில் அரிசி முடிந்துகொண்டு வருவார். அதை உலையில் போடச் சொல்லிவிட்டுத்தான் உட்காருவார். தாரை வார்த்துக் கொடுத்த இடத்திலிருந்து திரும்ப வாங்கக் கூடாது என்பது காரணம்.

எனக்கு இதில் பெரிய கோபம் உண்டு. ஆடிச் சீர், தீபாவளிச் சீர், பொங்கல் சீர் என்று ஆயுசுக்கும் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், ஒரு வாய் சோறு வாங்கக் கூடாது என்றால் அது என்ன நியாயம்?

ஆனால் அம்மாச்சியின் முந்தானை அரிசியை இப்போது எழுதும்போதுதான் ஐந்நூறு ரூபாய் ஏன் சரியாக அரிசி டப்பாவுக்குள் இருந்தது என்று உறைக்கிறது.

31 மார்ச் 2024, இரவு 9.00

ரேஷன் கார்டு விஷயம். இதை எழுதத்தான் வேண்டும், உங்களில் பலர் இந்தத் தப்பைச் செய்யக்கூடும்.

அம்மாவைக் கூட்டிவந்த வேகத்தில் அவர் பெயரை என் கார்டில் சேர்த்துவிடலாம் என்று நினைத்தேன். அம்மாவுக்குத் தனியாக ஒரு கார்டு உண்டு, அதில் அவர் ஒருவர்தான். எதற்கு இரண்டு என்று கேட்டேன். அப்போது அவர் முகம் போன போக்கை நான் கவனிக்கவில்லை.

நான் அஞ்சலகத்தில் கவுண்டர் வேலை பார்க்கிறேன். 2023 செப்டம்பர் 15-ஆம் தேதி மகளிர் உரிமைத் தொகை தொடங்கியபோது, ஆயிரம் ரூபாய் வந்துவிட்டதா என்று கேட்டு வந்த பெண்களின் முகத்தையெல்லாம் பார்த்தவள். ஒரு கார்டுக்கு ஒரு பெண்ணுக்குத்தான் அந்தத் தொகை. அரசு வேலை என்பதால் எங்கள் கார்டுக்குக் கிடையாது. அம்மா பெயரை என் கார்டுக்கு மாற்றியிருந்தால் அவருடைய ஆயிரமும் போயிருக்கும். ஊருக்கெல்லாம் விளக்கம் சொல்லும் எனக்கு என் அம்மா விஷயத்தில் இது தோன்றவே இல்லை.

இன்று போனில் கேட்டேன். சொன்னார்: "மாசம் நாலு ஆயிரம் நீ தருவ, தெரியும். அதுக்கு நான் உன் முகத்தைப் பாக்கணும். இது நான் யார் முகத்தையும் பாக்காம வர்ற காசு."

அரிசி டப்பாவில் இருந்தது அந்த ஆயிரத்தில் பாதி.

2 ஏப்ரல் 2024, இரவு 11.20

"ஆக, உங்கள் அம்மா உங்கள் வீட்டுக்கு வருவதே இல்லையா" என்று கேள்வி கேட்டவரே கேட்டிருக்கிறார். இல்லை, வருகிறார். நான்தான் அதை எழுதவில்லை. ஏன் எழுதவில்லை என்று யோசித்தால், அதை நான் வருகையாகவே எண்ணியதில்லை.

எனக்குக் கல்யாணம் ஆனது 2001-இல். அதிலிருந்து இருபது வருடம், அம்மா என் வீட்டுக்கு வருடத்துக்கு இரண்டு முறை வந்தால் அதிகம். சீர் கொண்டுவர, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் பார்க்க. சோழவந்தான் ஒன்றும் வெளிநாடு இல்லை, பஸ்ஸில் ஒரு மணி நேரத்துத் தூரம். பஸ்ஸுக்குக் காசு வேண்டும், அதை அப்பாவிடம் கேட்க வேண்டும், எதற்கு என்று சொல்ல வேண்டும். மகளைப் பார்க்கணும் போல இருக்கு என்பதெல்லாம் எங்கள் வீட்டில் ஒரு காரணம் இல்லை. அப்பா கெட்டவர் இல்லை. கணக்குப் பார்த்தே வாழ்ந்தவர். 2016-இல் அவர் போன பிறகு தம்பி திருப்பூரிலிருந்து அனுப்பும் பணத்தில் அம்மா ஒரு ரூபாயைத் தன் ஆசைக்கு எடுத்ததில்லை.

2021 மே மாதம் டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று வந்தது. அந்த வருடம் ஊரடங்கெல்லாம் தளர்ந்து பஸ் ஓட ஆரம்பித்ததும் ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வாசலில் அம்மா நிற்கிறார். பதறிப்போய் என்னம்மா ஆச்சு என்றேன். "ஒண்ணும் ஆகலை. பஸ்ஸு வந்துச்சு, ஏறிட்டேன்" என்றார். கையில் ஒரு கட்டு வெற்றிலை, முருங்கைக்காய் நாலு.

அன்றிலிருந்து மாதத்துக்கு இரண்டு சனிக்கிழமை. பெரியார் பஸ் ஸ்டாண்டில் இறங்கி வேறு பஸ் மாறி வந்துவிடுவார். என் தலைக்கு எண்ணெய் வைப்பார், மகனோடு சண்டை போடுவார், நாலு மணிக்கு "நேரமாச்சு தாயி" என்று கிளம்பிவிடுவார். ஒவ்வொரு தடவையும் இருந்துவிட்டுப் போங்களேன் என்று மல்லுக்கு நிற்பேன். தங்க மாட்டேன் என்கிறாரே என்பதிலேயே என் கண் இருந்தது. இப்போது கணக்குப் போடுகிறேன். முதல் இருபது வருடத்தில் வந்ததைவிட இந்த மூன்று வருடத்தில் அதிகம் வந்திருக்கிறார்.

3 ஏப்ரல் 2024, காலை 7.05

அம்மாவிடம் இதைச் சொன்னேன். "அதை இப்பத்தான் எண்ணுனியா?" என்று சிரித்தார். மாவுக்கட்டு பிரித்தாயிற்று. கை கொஞ்சம் மெலிந்திருக்கிறதாம். விரல் சரியாக ஓடுகிறதாம், கவுளி கட்டிப் பார்த்துவிட்டார்.

போன வருடம் சோழவந்தான் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததைப் பேப்பரில் படித்துக் காட்டியது ஞாபகம் வந்தது. "இலைக்குப் பட்டம் குடுத்திருக்காக" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். கொடிக்காலுக்குச் சொந்தக்காரர்கள்கூட அத்தனை சந்தோஷப்பட்டிருப்பார்களா தெரியாது.

19 ஏப்ரல் 2024, இரவு 8.10

இன்று ஓட்டுப் போட்டுவிட்டு அம்மா போன் செய்தார். வெயிலில் ஒன்றரை மணி நேரம் நின்றாராம். வாக்காளர் அட்டையையும் மதுரைக்கு மாற்ற நினைத்தவள் நான்.

நாளை சாயங்காலம் திருக்கல்யாணத்துக்காக வருகிறார். இரண்டு ராத்திரி தங்குவேன் என்று அவராகவே சொன்னார். நான் பதிலுக்கு ஒன்றும் சொல்லாமல் சரி என்று மட்டும் சொன்னேன்.

21 ஏப்ரல் 2024, இரவு 11.50

தூக்கம் வரவில்லை. அம்மா உள்ளே தூங்குகிறார். கட்டிலில்.

காலையில் மீனாட்சி திருக்கல்யாணத்தை டிவியில் பார்த்தோம். மதுரைப் பெண்களுக்கு அது தாலிக்கயிறு மாற்றும் நேரம். கயிற்றை வாங்கிவந்தது அம்மா. மஞ்சள் தேய்த்துத் தட்டில் வைத்துவிட்டு, மாற்றும்போது மட்டும் எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டார். அப்பா போன பிறகு எட்டு வருடமாக அப்படித்தான். இந்த வருடம் நான் பின்னாலேயே போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். பக்கத்தில் நின்றார். ஒன்றும் பேசவில்லை.

அப்புறம் சேதுபதி பள்ளிக்குக் கல்யாண விருந்துக்குப் போனோம். வெளியூர் வாசகர்களுக்குச் சொல்கிறேன்: மீனாட்சி கல்யாணத்துக்கு ஊருக்கே விருந்து உண்டு, சாப்பிட்ட சனங்கள் மொய்யும் எழுதுவார்கள், சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம் மாதிரி. அம்மா ஐம்பத்தொரு ரூபாய் எழுதினார். சாமிக்கு எதற்கம்மா மொய் என்றேன். "சாப்பிட்ட வீட்டுக்குச் செய்யாம வரலாமா?" என்றார், என்னைப் பார்க்காமல். அந்த ஐந்நூறைப் பற்றி நாங்கள் இருவரும் இதுவரை பேசியதே இல்லை. அதற்கப்புறம் பேசவும் வேண்டியிருக்கவில்லை.

சாயங்காலம் கூட்டம் கொஞ்சம் கலைந்த பிறகு எழுகடல் தெருப் பக்கம் நடந்தோம். கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே புதுமண்டபம் தாண்டி இருக்கும் தெரு. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அம்மா ரவிக்கைத் துணி எடுக்க வரும்போதெல்லாம் அங்கே வைத்துத்தான் அந்தக் கதையைச் சொல்வார். மீனாட்சியின் அம்மா காஞ்சனமாலைக்குக் கடலில் நீராட ஆசை. மருமகனிடம் நேராகக் கேட்கவில்லை. மகளிடம் சொன்னாள். மகள் சுந்தரேசுவரரிடம் சொன்னாள். அவர் ஒரு கடல் என்ன, ஏழு கடலையும் மதுரைக்கே வரவழைத்தார். காஞ்சனமாலைக்கு அங்கே ஒரு கோயிலும் உண்டு. கடல் இப்போது தெருப் பெயரில்தான் இருக்கிறது.

எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். இன்று அம்மா மீதியையும் சொன்னார். கடல் வந்துவிட்டது, ஆனால் தனியாக முழுகக் கூடாதாம். புருஷன் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் மகன் கையை, அதுவும் இல்லாவிட்டால் ஒரு கன்றுக்குட்டியின் வாலை. காஞ்சனமாலைக்குப் புருஷன் இல்லை, மகனும் இல்லை. அதனால் செத்துப்போன மலயத்துவச பாண்டியனையே சிவன் மேலுலகத்திலிருந்து வரவழைத்தார். இருவரும் கைகோத்து முழுகி, அப்படியே சிவலோகம் போய்விட்டார்கள்.

நடுத்தெருவில் நின்றுவிட்டேன். மகள் பக்கத்திலேயே நிற்கிறாள். கைலாயம்வரை படை நடத்தியவள், மதுரைக்கே அரசி. கன்றுக்குட்டியின் வால் ஆகும், அவள் கை ஆகாதா? என் குரல் உயர்ந்துவிட்டது, பூ விற்கும் பெண் திரும்பிப் பார்த்தார்.

அம்மா என் முழங்கையைப் பிடித்து ஓரமாக நகர்த்தினார். "ஏத்தா, அவ முங்குனதே மேல போறதுக்கு. மக கையைப் பிடிச்சுக்கிட்டு முங்குனா எந்தத் தாய்க்கு அந்தக் கையை விட மனசு வரும்? அவ போக மாட்டா. அதான் வேற கையைப் பிடிக்கச் சொன்னது."

22 ஏப்ரல் 2024, இரவு 10.00

நேற்று எழுதியதைப் படித்தவர்கள் எல்லோரும் அம்மாவின் பதிலைக் கொண்டாடியிருக்கிறீர்கள். சந்தோஷம். ஆனால் எனக்கு மனசு முழுக்க ஒப்பவில்லை, அதையும் எழுதிவிடுகிறேன்.

அப்பா போன அன்று அவரைத் தூக்கிக்கொண்டு தெரு முனை தாண்டும்போது நானும் பின்னாலேயே நடந்தேன். சுடுகாடுவரை போகத்தான் நினைத்தேன். பெண்கள் போகும் வழக்கம் இல்லை. என்னைத் தடுத்தது வேறு யாரும் இல்லை, அம்மாதான். என் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். வளையல் உடைந்து கீறிய தழும்பு இன்னும் இருக்கிறது. வழக்கத்துக்குப் பயந்து என்னைத் தடுத்தார் என்று எட்டு வருடமாக உள்ளுக்குள் வருத்தம் வைத்திருந்தேன்.

நேற்று அவர் சொன்னதை வைத்துப் பார்த்தால், அவர் என்னைத் தடுத்தாரா, என்னைப் பிடித்துக்கொண்டு நின்றாரா என்று சந்தேகம் வருகிறது. இன்று காலையில் கேட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். அவர் தோசைக்குச் சட்னி அரைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கேட்காமல் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து கொத்தமல்லியை எடுத்தார். கேள்வியை அப்படியே விட்டுவிட்டேன்.

கதை நியாயமில்லாததுதான். அம்மா அதற்கு ஒரு நியாயம் கண்டுபிடித்துக்கொண்டு எழுபத்தொரு வயதுவரை வந்திருக்கிறார். இந்த இரண்டில் எதையும் என்னால் விட முடியவில்லை.

4 மே 2024, மதியம் 2.45

சொத்தில் பங்கு வாங்கியவர்தான் அம்மாவைப் பார்க்க வேண்டும் என்று ஒரு அண்ணன் அடித்துப் பேசியிருக்கிறார். சட்டம் அப்படி இல்லை. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புக்கென்று 2007-இல் வந்த சட்டத்தில் மகன், மகள் இருவருக்கும் பொறுப்பு உண்டு. சொத்து வாங்கினாயா, கல்யாணம் ஆகிவிட்டதா என்பது கேள்வியே இல்லை. பார்க்காத பிள்ளைகள் மேல் பெற்றவர்கள் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கலாம். பங்கு வேண்டுமென்றால் 2005-க்குப் பிறகு பரம்பரைச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான உரிமை. எங்கள் வீட்டில் இருப்பது ஒரு ஓட்டு வீடு, அதுவும் அம்மா பெயரில். அதில் நானும் தம்பியும் சண்டை போட ஒன்றும் இல்லை.

26 மே 2024, இரவு 9.30

மழைக்கு முன் ஓடு மாற்ற வேண்டும் என்று நான் சோழவந்தான் போய் இரண்டு ராத்திரி தங்கிவிட்டு இன்றுதான் வந்தேன். கல்யாணத்துக்குப் பிறகு பிரசவம் தவிர அங்கே இப்படித் தங்கியதே இல்லை.

முதல் நாள் அயிரை மீன் குழம்பு. என்னை ஒரு பாத்திரம் கழுவ விடவில்லை. இரண்டாம் நாள் காலையில் அவர் வெற்றிலை எண்ணப் போய்விட்டார், எனக்கு வீட்டில் என்ன செய்வதென்று தெரியவில்லை. உப்பு எந்த டப்பாவில் இருக்கிறதென்று தெரியவில்லை. காபி குடிக்கணும் போல இருந்தது, ஆனால் அவர் வரட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். நான் பிறந்து வளர்ந்த வீடு அது. கொஞ்ச நேரம் கழித்து, அவர் போகும் அந்த முற்றத்துக்கு நானும் போனேன். பெண்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். எண்ணக் கற்றுக்கொடுத்தார்கள். நான் கட்டிய முதல் கவுளியில் தொண்ணூற்றாறு இலைதான் இருந்தது. அம்மா பிரித்து எண்ணாமலே கையில் வாங்கிய உடனே "நாலு குறையுது" என்றார்.

இன்று மூன்று மணிக்கே எனக்குக் கால் நிற்கவில்லை. "இன்னொரு நாள் இருந்துட்டுப் போ தாயி" என்றார் அம்மா. நேரமாச்சும்மா என்றேன். சொன்ன பிறகுதான் அது யார் வாக்கியம் என்று தெரிந்தது. அவருக்கும் தெரிந்திருக்கும், சிரித்துக்கொண்டே பைக்குள் முருங்கைக்காயைத் திணித்தார்.

கிளம்பும் முன் அவருடைய அரிசிப் பானைக்குள் ஐந்நூறு ரூபாய் வைத்துவிட்டு வந்தேன்.

1 ஜூன் 2024, சனிக்கிழமை, இரவு 8.20

இன்று அம்மா வந்திருந்தார். வெற்றிலை, கொய்யா, மகனுக்கு ஒரு டீ சட்டை. சட்டைக்கு ஏது காசு என்று கேட்டால் பானையில் காய்த்தது என்கிறார். நாலு மணி பஸ்ஸுக்கு நானே பெரியார்வரை போய் ஏற்றிவிட்டேன். இருங்கள் என்று சொல்லவில்லை. அடுத்த சனியா அதற்கடுத்த சனியா என்று மட்டும் கேட்டேன். ஜன்னல் வழியாக இரண்டு விரலைக் காட்டினார்.

கேள்வி கேட்டவருக்கு: உங்கள் அம்மா ஊரிலிருந்து உங்கள் வீட்டுக்கு டவுன் பஸ் இருக்கிறதா, எத்தனை இடத்தில் மாற வேண்டும்? ஊர்ப் பெயரைச் சொல்ல வேண்டாம், அதை மட்டும் சொல்லுங்கள்.